தையல் இயந்திரம் கொடுத்தது போதும்!



நம் நாட்டுக் கோயில்கள் சமுதாயப் பணியே செய்வதில்லை என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்கின்றன. தேவார வகுப்பு நடத்துகின்றன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் வழிகாட்டிப் பட்டறை நடத்திய கோயில்களை நானே அறிவேன். பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்குக் கல்வி நிதி, தனித்து வாழும் தாய்மாருக்கு அரிசி மூட்டை, மகளிர் நாளன்று தையல் இயந்திரம் என்று எத்தனையோ வழங்குகின்றன. மறுநாள் நாளேட்டில் வண்ணப்படமும் வந்துவிடும். முன்வரிசையில் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், சிறப்பு வருகையாளராகச் சட்டமன்ற உறுப்பினர். இயந்திரத்தைப் பெற்ற அம்மையார் படத்தின் ஓரத்தில், பாதி முகத்தோடு.

அந்தப் படத்தைக் கண்டு என்னால் மகிழ முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சற்று நீளும், பொறுத்தருள்க.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் தாயாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோயில் அப்படி ஓர் இயந்திரம் வழங்கியது. (எந்தக் கோயில் என்று கேளாதீர்கள், உங்கள் ஊர்க் கோயிலாகவும் இருக்கலாம்.) மதிப்பெண் அட்டை வாங்கப் பள்ளிக்கு வந்தவரிடம், "தையல் எல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன். "மெஷின் இருக்கு டீச்சர், துணிதான் வரல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதே ஆண்டு அதே கோயில் திருவிழாவில் தொண்டர்கள் அனைவரும் ஒரே நிறச் சட்டையில் திகழ்ந்தார்கள். கோயில் படம் அச்சிட்ட பளபளப்பான நெகிழிப் பையில் பிரசாதம் வழங்கினார்கள். சட்டையும் பையும் மொத்த வியாபாரியிடம் வாங்கியவை. தையல் இயந்திரம் கொடுத்த நிருவாகத்துக்கு, "அம்மா, முந்நூறு துணிப்பை தைத்துக் கொடுங்கள், கூலி இவ்வளவு" என்று சொல்லத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அந்த இயந்திரம் விலைக்குப் போயிற்று.

நான் சொல்ல வருவது இதுதான். நம் பெண்களுக்குக் கோயில் கொடுக்க வேண்டியது அன்பளிப்பு அன்று, வேலை. இன்னும் தெளிவாகச் சொன்னால், கோயில் அவர்களிடம் வாங்க வேண்டும். மலேசியத் தமிழர் வாழும் எந்த ஊரிலும் ஆண்டு முழுவதும், தவறாமல், ரொக்கமாகப் பொருள் வாங்குகின்ற தமிழர் அமைப்பு எது? கட்சியா? இயக்கமா? கோயில்தான். பூ, மாலை, எண்ணெய், திரி, கற்பூரம், இலை, அரிசி, காய்கறி, மோர், பலகாரம், பை, குவளை, தோரணம், மேடைத்துணி... பட்டியல் நீளும். இத்தனையையும் எவரிடம் வாங்குகிறோம், எதில் செய்ததாக வாங்குகிறோம் என்ற இரண்டு கேள்விகளை எந்தச் செயற்குழுவும் கேட்பதாகத் தெரியவில்லை. முதல் கேள்வி நம் பெண்களின் வருமானம் பற்றியது. இரண்டாவது, நம் பிள்ளைகள் வாழப்போகும் பூமி பற்றியது. இரண்டுக்கும் கோயிலின் கொள்முதல் கணக்கில் ஒரே விடை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சற்றே பின்னோக்கிப் போவோம். இந்தக் கோயில்களில் பலவற்றை யார் கட்டினார்கள்? தோட்டத்து மக்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பால்மரம் சீவி, மங்கு துடைத்து, பால் சுமந்த நம் பாட்டிமார்கள். சம்பள நாளில் கோயிலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தபோது, "நீ பெண், உன் காசு வேண்டா" என்று எவரும் சொன்னதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகி, மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது ஆண்களுக்கு லாரியும் தொழிற்சாலையும் காவல் வேலையும் கிடைத்தன. பெண்களில் பலர் வீட்டோடு நின்றார்கள். லயத்தில் இருந்தவரை தனக்கெனச் சம்பளம் வாங்கியவள், அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் கணவன் கொடுப்பதை வாங்குபவள் ஆனாள். இந்த இறக்கத்தை நம் வரலாற்று நூல்கள் போதுமான அளவு எழுதவில்லை.

இன்றும் நாட்டின் உழைப்பாளர் கணக்கில், வேலை செய்யும் வயதுடைய ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பெண்களில் ஏறக்குறைய 56 விழுக்காட்டினரே இருக்கிறார்கள். எஞ்சியோர் சும்மாவா இருக்கிறார்கள்? பிள்ளை, மாமியார், சமையல், துணி. நடுவே தீபாவளிக்கு முறுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல், காலையில் சாலையோரம் நாசி லெமாக். எந்தக் கணக்கிலும் வராத உழைப்பு.

இந்த உழைப்பின் முதலீடு எங்கே இருக்கிறது? வீட்டின் தரைத்தளத்தில். மாவரைக்கும் கல், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம், அரிசி, மாவு. 2021 திசம்பரில் பெய்த பெருமழையில் சா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் கூரையளவு ஏறியதை நாம் மறந்திருக்க முடியாது. மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்று உதவிக்குக் குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. கடைக்குக் காப்புறுதி இருக்கும், தொழிற்சாலைக்கு இருக்கும். வீட்டுக்கூடத்தில் வைத்து முறுக்குப் பிழிந்த அம்மையாரின் அடுப்புக்கு எந்தக் காப்புறுதி? அவர் பதிவு பெற்ற வணிகரும் அல்லர். ஆகவே இழப்பீட்டுப் பாரத்தில் அவர் தொழிலுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

"பருவநிலை நீதி" என்ற சொல்லைப் பெரிய மாநாட்டுச் சொல் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது சொல்வது மிக எளிய செய்தி. புகையை மிகுதியாகக் கக்கியவர் ஒருவர். வெள்ளத்திலும் வெயிலிலும் மிகுதியாகப் படுபவர் வேறொருவர். இது நியாயமன்று என்பதே அதன் பொருள். கார் இல்லாத, குளிரூட்டி இல்லாத, வானூர்தியில் ஏறாத ஒரு பி40 குடும்பத்துப் பெண்ணின் அடுப்பு ஏன் முதலில் மூழ்குகிறது? 2016 மார்ச்சில் வெப்பம் 37 பாகையைத் தாண்டியபோது பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளையே மூடினார்கள். பள்ளி மூடினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அன்றைய வேலையை விட்டவர் யார்? தந்தை என்று எவரேனும் சொன்னால் மகிழ்ச்சியடைவேன்.

நம் தோட்டக் கோயில்களில் பெரும்பாலானவை மாரியம்மன் கோயில்கள். மாரி என்றாலே மழை. மழையைத் தெய்வமாக்கிய இனத்தின் கோயில், மழை திசைமாறிய காலத்தில் ஒரு கருத்தும் இல்லாமல் இருக்கலாமா?

கருத்து இல்லை என்றால்கூடப் பரவாயில்லை. நாம் செய்வது நேர்மாறு. தைப்பூசத்துக்கு மறுநாள் பத்துமலைக்குப் போய்ப் பாருங்கள். பினாங்கு தண்ணீர்மலைச் சாலையில் நடந்து பாருங்கள். தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் மரபின் மிக அழகிய அறம். ஆனால் அந்த அறம் எதில் வழங்கப்படுகிறது? ஒருமுறை குடித்து எறியும் குவளையில், போத்தலில். பினாங்கில் 2012 முதலும் சிலாங்கூரில் 2017 முதலும் உணவுக்குப் பாலிஸ்திரின் பெட்டி தடை. தடை வந்தபின் நாம் என்ன செய்தோம்? பல இடங்களில் வேறொரு நெகிழிப் பெட்டிக்கு மாறினோம்! வாழை மரம் வேலியோரமெல்லாம் தானே வளரும் நாட்டில் வாழ்கிறோம் ஐயா! மிஞ்சிய சோறும் பூவும் நெகிழியோடு சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போகின்றன. அங்கே காற்றில்லாமல் மக்கி மீத்தேன் வளியாகின்றன. அது கரியமில வளியைவிடப் பலமடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. இதை ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் விளக்குகிறோம். பிள்ளைகள் மாலையில் கோயிலுக்குப் போய் நாம் சொன்னதற்கு எதிராக நடப்பதைப் பார்க்கிறார்கள்.

தேங்காயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தைப்பூசத்தில் இரதத்தின் முன் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதைக் குறைத்துக்கொள்ளுமாறு பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. கேட்டவர்களை நாம் சமய எதிரிகள் போலப் பார்த்தோம். 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் தேங்காய் தட்டுப்பட்டு விலை ஏறியது நினைவிருக்கும். அந்த விலையேற்றத்தில் முதலில் அடிபட்டவர் தேங்காய்ப்பால் இல்லாமல் நாசி லெமாக் சமைக்க முடியாத அந்தச் சாலையோரத்து அம்மையார். நேர்த்திக்கடனுக்கு ஒரு தேங்காய் போதும் என்று முருகன் ஏற்றுக்கொள்வான். நூற்றுக்கணக்கில் உடைப்பது பக்கத்துக் குழுவைவிட நாம் பெரியவர்கள் என்று காட்டத்தான். இதைச் சொல்ல எனக்குச் சமய அறிஞர் பட்டம் தேவையில்லை.

நிற்க. பிற சமயத்தார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஒப்பிட்டால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒப்பிடுவேன்.

சூ ச்சி என்னும் தைவானியப் பௌத்த அறநிறுவனத்தை நம்மில் பலர் அறிவோம். நீலச்சட்டை, வெள்ளைக் காற்சட்டை அணிந்த தொண்டர்களை வெள்ள நிவாரண மையங்களில் பார்த்திருப்பீர்கள். 1966இல் தைவானின் ஹுவாலியென் நகரில் செங் யென் என்ற பெண் துறவி அதைத் தொடங்கினார். முதலீடு என்ன தெரியுமா? முப்பது இல்லத்தரசிகள். மார்க்கெட்டுக்குப் போகும் காசில் நாள்தோறும் 50 காசை மூங்கில் உண்டியலில் போட்டார்கள். துறவியர் ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு சோடி குழந்தைக் காலணி கூடுதலாகத் தைத்து விற்றார்கள். அவ்வளவுதான். 1990இல் ஒரு பேருரையின்போது எழுந்த கைதட்டலைக் கேட்டு, அந்தக் கைகளைக் குப்பை பிரிக்கப் பயன்படுத்துங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து மறுபயனீட்டுப் பணி வளர்ந்தது. நம் நாட்டிலும் பல ஊர்களில் அவர்களுடைய மறுபயனீட்டு மையங்கள் இயங்குகின்றன. 2008இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம், வீசியெறிந்த போத்தல்களை நூலாக்கிப் போர்வை நெய்து பேரிடரில் சிக்கியோருக்கு அனுப்புகிறது. போத்தல் நம் தண்ணீர்ப் பந்தலிலும் இருக்கிறது. போர்வைதான் இல்லை.

2021 வெள்ளத்தின்போது பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கியரோடு பிற சமயத்தாரும் கூடி நின்று ஆயிரக்கணக்கான பொட்டலம் உணவு சமைத்து அனுப்பினார்கள். பெரிய சமையற்கூடம் அங்கே எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது, அதனால் முடிந்தது. இந்தோனேசியாவில் முகம்மதியா இயக்கத்தின் பெண்கள் பிரிவான ஆயிசியா 1917ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது; பெண்களே பள்ளியும் மருத்துவ நிலையமும் கூட்டுறவும் நடத்துகிறார்கள். நம் கோயில் மகளிர் பிரிவு என்ன நடத்துகிறது? கோலப்போட்டி.

(கோலம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதுவல்ல பேச்சு.)

ஆனால் சூ ச்சியை அப்படியே படியெடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் மறுபயனீட்டு மையங்களில் உழைப்போர் ஊதியம் பெறாத் தொண்டர்கள்; பலர் ஓய்வுபெற்ற முதியவர்கள். அவர்களுக்கு அது வழிபாடு. வாடகை கட்ட முடியாத முப்பது வயதுத் தாயிடம் போய், "வாருங்கள், தொண்டு செய்யுங்கள்" என்று சொல்வது வேறு. நம் பெண்களிடம் தொண்டை நாம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் வாங்கிவிட்டோம். பூத்தொடுப்பவர் யார்? விடியற்காலையில் காய் நறுக்குபவர் யார்? பாத்திரம் துலக்குபவர், முளைப்பாரி வளர்ப்பவர், பாவாடை தைப்பவர் யார்?

"இறைபணிக்குக் கூலியா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். குருக்களுக்குச் சம்பளம் உண்டு, இருக்க வேண்டும். நாகசுரக் கலைஞருக்கு உண்டு. பந்தல் போடுபவர், மின்விளக்கு கட்டுபவர், ஒலிபெருக்கிக்காரர், இரதம் இழுக்கும் வண்டியின் ஓட்டுநர் எல்லாரும் விலைச்சீட்டு கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். அதனால் அவர்கள் பக்தி குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை. அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியதும் மட்டும் உழைப்பு திடீரென்று "சேவை" ஆகிவிடுகிறது! இது பக்தியில் பிறந்த வழக்கமன்று. பழக்கத்தில் வந்த சுரண்டல்.

மரபு, மரபு என்பவர்களுக்கு ஒரு செய்தி. தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் இராசராசன் காலக் கல்வெட்டு இருக்கிறது. கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று அனைத்தையும் கல்லில் வெட்டி வைத்தான். (அந்த முறை பிற்காலத்தில் எப்படிச் சீரழிந்தது என்பது தனிக்கதை, அதை நான் போற்றவில்லை.) அதே கோயிலின் நிதி ஊர்ச்சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டியில் கொடுக்கப்பட்டு, அந்த வட்டியில் கோயில் செலவு நடந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயில் வேலை கொடுத்தது, ஊதியத்தை வெளிப்படையாக எழுதியது, ஊருக்குள் பணத்தைச் சுழலவிட்டது. நம் கோயில்களோ நிலையான வைப்புநிதியில் எத்தனை இலட்சம் இருக்கிறது என்று பெருமை பேசுகின்றன.

சரி, நடைமுறைக்கு வருவோம். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. வெள்ளிதோறும் 150 பேருக்கு அன்னதானம் வழங்கும் நடுத்தரக் கோயில் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 52 வெள்ளிக்கிழமை, 7,800 சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்கு 5 ரிங்கிட் என்றாலும் 39,000 ரிங்கிட். திருவிழா, திருமணம் எல்லாம் இதில் சேராது. இந்தப் பணியைக் கோயிலைச் சுற்றி வாழும் நான்கு பெண்கள் கொண்ட குழுவிடம் ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுத்தால், மளிகைச் செலவு போக எஞ்சுவது பெருஞ்செல்வம் அன்று. ஆனால் மாதந்தோறும் உறுதியாக வரும் காசு. உறுதியாக வரும் காசுதான் ஏழைக்கு வேண்டும். கூடவே ஒரே ஒரு நிபந்தனை விதியுங்கள்: வாழையிலை அல்லது கழுவும் தட்டு, நெகிழி கூடாது. இலை அறுத்துத் தருவதும் தட்டுக் கழுவுவதும் மேலும் இருவருக்கு வேலை. இயந்திர உற்பத்திப் பொருளை விலக்கிய இடத்தில் மனிதக் கைக்கு வேலை வருகிறது. பூமிக்கும் பெண்ணுக்கும் ஒரே செலவில் நன்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

"அவர்களுக்கு உரிமம் இல்லையே, சுகாதார அதிகாரி வந்தால்?" நல்ல கேள்வி. உணவு கையாளுவோருக்கு ஒரு நாள் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை. எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் தொழில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு பெயரில் 60 ரிங்கிட். தையல் இயந்திரத்துக்குச் செலவிடும் தொகையில் ஒருவருக்கு இவை அனைத்தையும் செய்துவிடலாம், மிச்சமும் இருக்கும். படம்தான் அவ்வளவு அழகாக அமையாது. ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணின் பக்கத்தில் தலைவர் எப்படி நிற்பது!

கடன் வேண்டுமா என்று கேட்டால், கடனுக்கு இன்று வழி இருக்கிறது. அமானா இக்தியார் 1987இலிருந்து சிறுகடன் கொடுக்கிறது. 2024இல் இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கென்றே அதன்வழி 5 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் வாங்க ஆள் இல்லாத தொழிலுக்குக் கடன் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் தவணைக்குக் கூட்டுப்பணம் எடுப்பார்கள், இரண்டாம் தவணைக்கு ஆலோங்கிடம் போவார்கள். (கூட்டு பிடிப்பதைத் தடைசெய்யும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்ற நம் தமிழ்ச்சொல் இருக்கிறது. நம் மொழி நாட்டின் சட்டத்தில் இடம்பெற்ற இடம் அது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.) கோயில் ஓராண்டு ஒப்பந்தமும் பாதி முன்பணமும் கொடுத்தால் பல பெண்களுக்குக் கடனே தேவைப்படாது.

பூவைப் பற்றிச் சிறிது. நாம் சாத்தும் மல்லிகையில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வானூர்தியில் வருகிறது. சாமந்தி கேமரன் மலையிலிருந்து குளிரூட்டிய லாரியில் வருகிறது. அரளியும் செம்பருத்தியும் துளசியும் வேம்பும் எங்கும் வளரும். நந்தவனம் என்பது கோயிலின் ஓர் உறுப்பாக இருந்தது. இன்று எத்தனை கோயில்களில் நந்தவனம் இருக்கிறது? வாகன நிறுத்துமிடத்துக்காக மண்ணையெல்லாம் சிமெண்டால் மூடிவிட்டோம். மழைநீர் இறங்க வழியில்லை. வெயிலில் அந்தத் தரையில் வெறுங்காலோடு வலம்வர முடியவில்லை. கால்சூட்டுக்குப் பச்சைக் கம்பளம் விரிக்கிறோம், அதுவும் நெகிழி! அந்தச் சிமெண்டில் பாதியைப் பெயர்த்தெடுங்கள். இரண்டு பெண்களை ஊதியத்துக்கு அமர்த்துங்கள். செடியும் வளரும், மாலையும் வரும், வாடிய பூ உரமாகி அதே செடிக்குப் போகும். திருமலையில் 2021இலிருந்து சாத்திய பூக்களை ஊதுவத்தியாக்குகிறார்கள்; கான்பூரில் ஒரு நிறுவனம் கங்கைக்கரைக் கோயில்களின் பூக்களைச் சேகரித்துப் பெண்களைக் கொண்டு ஊதுவத்தி உருட்டுகிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் ஊதுவத்தி காயவைப்பது பெரும்பாடு. இங்கே உரம்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். அந்த உரத்தைப் பையிலிட்டு விற்றால் வாங்க நானே முதல் ஆள்.

இவற்றில் எதுவும் நடக்க வேண்டுமானால் முடிவெடுக்கும் மேசையில் பெண்கள் உட்கார வேண்டும். செயற்குழுவில், பொருளாளர் பதவியில், கொள்முதல் குழுவில். "மகளிர் பிரிவு இருக்கிறதே" என்பது விடையாகாது. மகளிர் பிரிவுக்கு வரவேற்பு, கோலம், தாம்பூலம். காசோலையில் கையொப்பம் ஆண்களுக்கு. விலைச்சீட்டு பார்க்கத் தெரியாதவர்களா நம் பெண்கள்? ஒரு ரிங்கிட்டில் கீரையும் தக்காளியும் பேரம் பேசிக் குடும்பம் நடத்துபவர்கள். கோயில் கணக்கை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், பட்டாசுச் செலவு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஆசிரியப் பெருமக்களே, கோயிலை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பிக்க வேண்டா. நம் தமிழ்ப்பள்ளிகளில் பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா நடக்கின்றன. வருகையாளருக்குப் பொன்னாடையும் நெகிழி உறையில் பழக்கூடையும். மாணவர்க்கு நெகிழிப் பெட்டியில் மீகூன். மாணவர்களின் தாய்மாருள் சமைப்பவர், தைப்பவர், மாலை கட்டுபவர் யார் யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு பட்டியல் போட ஒரு மாலைப்பொழுது போதும். அந்தப் பட்டியலை ஊர்க் கோயில் நிருவாகத்துக்கும் ஒரு படி அனுப்பலாம்.

பெற்றோர்களே, நீங்கள் கோயிலின் உறுப்பினராக இருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். மனைவியையும் உறுப்பினராக்கி அழைத்துச் செல்லுங்கள். மேசைமேல் வைத்திருக்கும் கணக்கறிக்கையில் "அன்னதானம்", "மலர்", "இதர செலவுகள்" என்று மூன்று வரிகள் இருக்கும். இதர செலவுகள்தான் பெரும்பாலும் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருக்கும்! மூன்றையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். யாரிடம் வாங்கினீர்கள், என்ன விலைக்கு வாங்கினீர்கள், அதை நம் ஊர்ப் பெண்கள் செய்து தர முடியுமா என்று கேட்டீர்களா? பணிவாகக் கேளுங்கள்; ஆனால் விடை வரும்வரை உட்காராதீர்கள். கிடைத்த விடையை எனக்கு எழுதி அனுப்புங்கள். கோயில் பெயரை நீக்கிவிட்டு அடுத்த பதிவில் வெளியிடுகிறேன்.